விண்டோஸ் எச்சரிக்கை வந்தால் என்ன செய்வது? மூடிவிட்ட பெட்டியைத் தேடிப் பிடிக்கும் முறை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மாமாவின் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர். டேலி கணக்கு, வெள்ளி எடைச் சீட்டுகள், ஆட்களின் கூலிப் பட்டியல் எல்லாம் அதில்தான். காலையில் அதைப் போட்டதும் திரை நடுவில் ஒரு பெட்டி வந்து நிற்கும். கணக்கர் அண்ணன் கண்ணைக்கூட அந்தப் பக்கம் திருப்பாமல் மூடுவார். என்ன அது என்று கேட்டேன். "அது தினமும் வரும் தம்பி, மூடினால் போய்விடும்" என்றார். போனது பெட்டி மட்டும்தான். ஹார்ட் டிஸ்க் உள்ளே செத்துக்கொண்டிருந்தது.

கணக்கு முழுவதும் தப்பியது. அதற்காகச் செய்த வேலைகளை வரிசையாக எழுதுகிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். ஃபைல் காப்பி செய்யவும் புரோகிராம் நிறுவவும் தெரிந்தால் போதும்.

படி 1: மூடுவதற்கு முன் ஒரு போட்டோ

எந்தப் பெட்டி வந்தாலும் முதலில் செல்போனில் படம் எடுங்கள். பொத்தான்களும் சேர்ந்து விழட்டும். பழைய பாணிப் பெட்டிகளில் கன்ட்ரோல் கீயுடன் சி அழுத்தினால் உள்ளே இருக்கும் எழுத்து மொத்தமும் காப்பி ஆகும், நோட்பேடில் ஒட்டிக்கொள்ளலாம். பல வருடமாகக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கே இது தெரியாது.

பட்டறையில் வந்தது "விண்டோஸ் டிடெக்டட் எ ஹார்ட் டிஸ்க் பிராப்ளம்" என்ற பெட்டி. அதில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பேக்கப்பைத் தொடங்கு. மற்றொன்று, பிறகு கேள். அண்ணன் தினமும் அழுத்தியது இரண்டாவதை. அதன் கீழேயே, அடுத்த எச்சரிக்கைக்குள் டிஸ்க் பழுதானால் அதில் உள்ள எல்லாவற்றையும் இழக்க நேரிடலாம் என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கிறது. இந்த டிஸ்க்குக்கு இனிமேல் இதைக் காட்டாதே என்று ஒரு கட்டமும் இருக்கும். அதை மட்டும் டிக் செய்யாதீர்கள்.

அண்ணனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரே பெட்டியைத் திரும்பத் திரும்பக் காட்டினால் மூளை அதைப் பார்ப்பதையே குறைத்துக்கொள்கிறது. இதை ஸ்கேன் எடுத்தே காட்டிய ஆய்வு 2015-இல் வந்தது. இரண்டாவது முறை காட்டும்போதே கவனம் சரிந்திருந்தது. அதற்கு முன் 2013-இல் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர்களில் தோன்றிய இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகளை வைத்து ஓர் ஆய்வு வெளியானது. பாதுகாப்புச் சான்றிதழ் சரியில்லை என்ற எச்சரிக்கையைத் தாண்டிப் போனவர்கள் குரோமில் சுமார் 70 சதவீதம். ஃபயர்ஃபாக்ஸில் 33 சதவீதம். விஷயம் ஒன்றுதான், பெட்டியின் அமைப்பு வேறு. தீங்கான தளம் என்று எச்சரித்தபோதோ இரண்டிலும் கால்வாசிப் பேர்கூடத் தாண்டவில்லை. ஆக, எல்லோரும் எல்லாவற்றையும் அலட்சியம் செய்வதில்லை.

படி 2: எச்சரிப்பது யார்?

திரை முழுவதும் மங்கி, நடுவில் "ஆம், இல்லை" கேட்கும் பெட்டி வந்தால் அது விண்டோஸின் அனுமதிக் கேள்வி. 2007-இல் விஸ்டாவோடு வந்தது. மேலே நீலப் பட்டை என்றால் வெளியிட்டவர் யார் என்பது சரிபார்க்கப்பட்டிருக்கிறது. மஞ்சள் என்றால் யார் என்று தெரியவில்லை. இங்கே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே: இப்போது நானாக ஏதாவது நிறுவப் போனேனா? இல்லை என்றால் "இல்லை"தான்.

இணையத்திலிருந்து இறக்கிய ஃபைலைத் திறக்கும்போது பெரிய நீலப் பெட்டி வந்து, விண்டோஸ் உங்கள் கம்ப்யூட்டரைப் பாதுகாத்தது என்று சொல்லும். அது ஸ்மார்ட்ஸ்கிரீன். "மோர் இன்ஃபோ"வை அழுத்தினால்தான் "ரன் எனிவே" வெளியே வரும். அதை ஒளித்து வைத்திருப்பதே நீங்கள் ஒரு நொடி நின்று யோசிக்கத்தான்.

மூன்றாவது, பிரவுசருக்குள் வரும் போலி எச்சரிக்கை. சைரன் சத்தம், சிவப்புத் திரை, கீழே ஒரு போன் நம்பர். மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைப் பெட்டிகளில் போன் நம்பர் இருக்கவே இருக்காது. எஸ்கேப் கீயை அழுத்திப் பிடியுங்கள். அசையவில்லை என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை நிறுத்துங்கள். மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், இல்லாவிட்டால் அதே சைரன்.

படி 3: ஏற்கெனவே மூடிவிட்டால்?

என்னை அதிக நேரம் நிறுத்திவைத்த இடம் இதுதான். போட்டோ இல்லை, பெட்டியும் இல்லை. ஆனால் டிஸ்க்கில் கோளாறு என்றால் விண்டோஸ் அதைத் தன் குறிப்பேட்டிலும் எழுதி வைத்திருக்கும்.

ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி என்று ஆங்கிலத்தில் தட்டினால் "வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி" வரும். நாள்வாரியாக ஒரு கோடு, சிவப்புக் குறிகள், பத்துக்கு எத்தனை என்று ஒரு மதிப்பெண். எந்தத் தேதியிலிருந்து சிக்கல் என்பதைப் பார்க்க இதைவிட எளிதான இடம் விண்டோஸில் இல்லை. தேதியைக் குறித்துக்கொண்டு, அந்தக் குறிப்பேட்டைக் காட்டும் ஈவென்ட் வியூவருக்குப் போங்கள்.

ஈவென்ட் வியூவரைத் திறந்ததும் பயந்துவிடாதீர்கள். புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரிலும் அங்கே சிவப்பும் மஞ்சளும் வரிசை கட்டி நிற்கும். டிஸ்ட்ரிபியூட்டட்காம் என்ற பெயரில் 10016 என்ற எண் அடிக்கடி தெரியும். அதை விட்டுவிடலாம் என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து பேசுவதாகப் போன் செய்யும் மோசடிக்காரர்கள் முதலில் திறக்கச் சொல்வதும் இதைத்தான். "பாருங்கள் சார், எத்தனை எரர்" என்பார்கள். அந்தப் போனை வையுங்கள். பணம் போய்விட்டிருந்தால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

இடப்பக்கம் விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். வலப்பக்கம் "ஃபில்டர் கரண்ட் லாக்". கிரிட்டிகல், எரர், வார்னிங் மூன்றையும் டிக் செய்யுங்கள். எண் கேட்கும் கட்டத்தில் 7, 51, 52, 55, 153 என்று காற்புள்ளி போட்டுக் கொடுங்கள். 7 என்றால் டிஸ்க்கில் கெட்டுப்போன பகுதி. 52 என்றால் தான் பழுதாகப் போவதாக டிஸ்க்கே முன்கூட்டிச் சொல்கிறது. 153 என்றால் படிக்கவோ எழுதவோ முயன்று, முடியாமல் திரும்ப முயன்றிருக்கிறது. 55 ஃபைல் அமைப்பில் சிதைவு.

அந்த மூன்று டிக்குகளை விட்டுவிட்டு எண்ணை மட்டும் கொடுத்தால், கம்ப்யூட்டரைப் போட்ட ஒவ்வொரு நாளும் 55 வந்ததாகப் பட்டியல் நீளும். பலரும் தடுக்கி விழுவது இதில்தான். அது பிராசஸரின் மின்சார நிர்வாகம் பற்றிய வெறும் தகவல். அதற்கும் அதே எண்தான். எண்ணைப் பார்த்ததும் பக்கத்தில் சோர்ஸ் என்ற இடத்தையும் பாருங்கள். டிஸ்க் அல்லது என்டிஎஃப்எஸ் என்று இருந்தால்தான் நமக்கு வேலை.

இன்னொன்று, எந்த டிஸ்க்? வரியைக் கிளிக் செய்தால் கீழே ஹார்ட்டிஸ்க்0, ஹார்ட்டிஸ்க்1 என்று இருக்கும். அந்த எண்ணை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் உள்ள டிஸ்க் எண்ணோடு பொருத்துங்கள். அவசரமாகப் பிடுங்கிய பென் டிரைவும் இதே குறிப்பேட்டில் புகார் எழுதும். பட்டறையில் வந்தவை ஹார்ட்டிஸ்க்0, எண் 7, அடுத்தடுத்து. அதற்கு மேல் சந்தேகப்பட எதுவும் இல்லை.

படி 4: டிஸ்க்கின் நாடி

இதற்கு எத்தனையோ புரோகிராம்கள் உண்டு. நான் கைகாட்டுவது ஜப்பானிலிருந்து வரும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ ஒன்றைத்தான். இலவசம். கம்ப்யூட்டரை வேகமாக்குகிறேன், சுத்தம் செய்கிறேன் என்று வரும் எதையும் நான் யாருடைய கம்ப்யூட்டரிலும் ஏற்றுவதில்லை. அவையே நாளுக்கு நாலு பொய் எச்சரிக்கை காட்டும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைப் பொம்மைப் படப் பெண்ணோடும் தருகிறார்கள். ஸ்டாண்டர்டு என்பதை எடுங்கள்.

திறந்ததும் "குட்", "காஷன்", "பேட்" என்று ஒன்று தெரியும். காஷன் என்றால் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளைப் பாருங்கள். 05 கெட்டதால் மாற்று இடம் கொடுத்த பகுதிகள். சி5 படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருப்பவை. சி6 சரிசெய்யவே முடியாதவை.

வலக்கோடியில் உள்ள எண்களை அப்படியே படிக்காதீர்கள். புரோகிராம் அவற்றைப் பதினாறடிமான முறையில் காட்டுகிறது. 000000000010 என்றால் பத்து அல்ல, பதினாறு. நடுவில் ஆங்கில எழுத்து வந்தால் அதுவும் எண்தான். ஃபங்ஷன் மெனுவில் அட்வான்ஸ்டு ஃபீச்சர், அதில் ரா வேல்யூஸ், அதில் 10 டெசிமல் என்று மாற்றினால் சாதாரண எண்ணாகிவிடும். அந்தத் திரையை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். அடுத்த வாரம் எண் ஏறியிருந்தால் டிஸ்க் வேகமாகப் போகிறது என்று பொருள்.

படி 5: முதலில் காப்பி, பிறகு மற்றதெல்லாம்

காஷன் பார்த்ததும் செக்டிஸ்க் (டிஸ்க்கைச் சோதிக்கும் விண்டோஸ் கருவி) ஓட்டுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கை அது மூலைமுடுக்கெல்லாம் படிக்கவைக்கும். ஃபைல்களை இடம் மாற்றி அடுக்கும் டீஃப்ராக்கும் வேண்டாம். வேறு டிஸ்க் ஒன்றை மாட்டி, முக்கியமானதை முதலில் எடுங்கள். நான் எடுத்த வரிசை: டேலி டேட்டா ஃபோல்டர், எடைச் சீட்டுகள், கூலிப் பட்டியல், கடைசியில் கல்யாணப் போட்டோக்கள். (மாமாவின் வரிசை வேறாக இருந்தது.)

சாதாரண காப்பி, கெட்ட ஃபைலில் முட்டி நின்றுவிடும். டெராகாப்பி என்ற புரோகிராம் அதைத் தாண்டிப் போய், எவை வரவில்லை என்று கடைசியில் பட்டியல் தரும். எடுத்த பிறகு டேலியை வேறு கம்ப்யூட்டரில் திறந்து, நேற்றைய தேதி வரை கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள். ஃபோல்டர் இருப்பதும் கணக்கு திறப்பதும் ஒன்றல்ல. அதன் பிறகு ஐந்து ரோடு பக்கம் போய் எஸ்எஸ்டி ஒன்று வாங்கி மாட்டினோம்.

படி 6: தேவையில்லாத சத்தத்தை அடைத்தல்

கணக்கர் அண்ணனின் திரையில் ஜாதகம், தள்ளுபடி, லாட்டரி என்று ஏகப்பட்டவை மூலையில் குதித்தன. ஏதோ தளத்தில் எப்போதோ அனுமதி கொடுத்த நோட்டிஃபிகேஷன்கள். குரோம் செட்டிங்ஸில் பிரைவசி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய் அனுமதிப் பட்டியலைக் காலி செய்யுங்கள். பிறகு விண்டோஸ் செட்டிங்ஸ், சிஸ்டம், நோட்டிஃபிகேஷன்ஸ். ஒவ்வொரு புரோகிராமாக அணைக்கலாம். விண்டோஸ் செக்யூரிட்டியை மட்டும் அணைக்காதீர்கள். இப்போது அந்தத் திரையில் பெட்டி வந்தால் அண்ணன் எனக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்புகிறார். அவற்றில் பாதிக்கு மேல் "பிரிண்டரில் பேப்பர் தீர்ந்தது" என்பதுதான். பரவாயில்லை.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. அதைச் சொல்லி வரும் முழுத்திரை அறிவிப்பு உண்மையானதுதான், வைரஸ் அல்ல.

பிற்சேர்க்கை 1: ஏற்காட்டில் காப்பித் தோட்டக் கணக்கு பார்க்கும் ஒரு வாசகர், 05 என்ற வரியில் 4 என்று இருக்கிறது, டிஸ்க் போய்விட்டதா என்று கேட்டிருந்தார். அவருடையது என்விஎம்இ என்ற வகை எஸ்எஸ்டி. அதில் எண்களின் பொருளே வேறு. 05 என்பது ஆயுளில் எத்தனை சதவீதம் செலவாகியிருக்கிறது என்பது. நான்கு என்றால் புதியது போலத்தான். அதில் பார்க்க வேண்டியவை 03, கையிருப்பில் உள்ள மாற்று இடம். 0ஈ, டேட்டா பிழைகள். அவர் அனுப்பிய படத்தில் என் கண்ணில் பட்டது 0டி. முறையாக அணைக்காமல் மின்சாரம் போன தடவைகள். மழைக்காலத்தில் மலையில் கரன்ட் எப்படி என்பதை அந்த ஒரு எண்ணே சொன்னது. டிஸ்க் நன்றாக இருக்கிறது; யுபிஎஸ் பேட்டரியை மாற்றச் சொன்னேன்.

பிற்சேர்க்கை 2: வெளியே மாட்டும் யுஎஸ்பி டிஸ்க் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் தெரியவில்லை என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். சில யுஎஸ்பி பெட்டிகள் இந்தத் தகவலைக் கடத்துவதில்லை. பெட்டியிலிருந்து டிஸ்க்கைக் கழற்றி நேரடியாகக் கம்ப்யூட்டருக்குள் மாட்டிப் பார்க்கலாம். கழற்ற முடியாத வகை என்றால் ஈவென்ட் வியூவரில் அந்த டிஸ்க்கின் எண்ணைத் தேடுவதுதான் வழி.