முழங்கை பிடித்துக்கொண்டால் செய்யக்கூடாதவை

"வாளியில மணலை நிரப்பித் தூக்கிக்கொண்டு நட, கை தானா நிமிரும்." கல்லடியில் மோட்டார் சைக்கிளில் விழுந்து முழங்கை முறிந்த என் தம்பிக்கு, பிளாஸ்டர் வெட்டிய கிழமை சித்தப்பா சொன்ன வைத்தியம் இது. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பலரும் அன்போடு சொல்வதுதான். நான் முதலில் தவிர்க்கச் சொல்வதும் இதைத்தான்.

முழங்கையில் மூன்று எலும்புகள் ஒரே உறைக்குள் இறுக்கமாகப் பொருந்தியிருக்கின்றன. அடிபட்டால் அந்த உறை தடித்துச் சுருங்கும். அதன் முன்புறத்தை ஒட்டியே ஒரு தசை படிந்திருக்கிறது. பாரம் தூக்கி இழுத்தாலும், எண்ணெய் போட்டு அழுத்தி உருவினாலும் அந்தத் தசை கிழிந்து உள்ளே இரத்தம் கசியலாம். சிலருக்கு அந்த இடத்தில் எலும்பே வளர்ந்துவிடும். அப்புறம் கை நிமிரவும் மாட்டாது, மடங்கவும் மாட்டாது. சத்திரசிகிச்சை வரை போகும். முறிவு வைத்தியரிடம் போகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. முழங்கையை உருவ மட்டும் கொடுக்காதீர்கள். பிள்ளைகளுக்கு இறுக்கிக் கட்டுவது இன்னும் ஆபத்து. கட்டுப் போட்டபின் விரல்கள் வெளிறினாலோ, விரலை நீட்டும்போது பிள்ளை வலியில் துடித்தாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம், உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

இதற்கு நேர்மாறான தவறு பயம். வலிக்கிறதே என்று கையைக் கழுத்தில் தொங்கவிட்டபடி மாதக்கணக்கில் இருப்பது. இரண்டு மூன்று கிழமைக்கு மேல் அசையாமல் கிடந்தாலே முழங்கை பிடித்துக்கொள்ளப் பார்க்கும். டொக்டர் அசைக்கலாம் என்றதும் தொடங்க வேண்டும். பிளாஸ்டருக்குள் இருக்கும்போதே விரல்களையும் தோளையும் அசைக்கலாம். மடக்குவதும் நீட்டுவதும் உங்கள் கையின் சொந்தப் பலத்தில் நடக்கட்டும். ஒரேயடியாக அரை மணி நேரம் செய்வதைவிட, பத்துப் பத்துத் தடவையாக நாள் முழுக்கச் செய்வது நல்லது. செய்யும்போது இழுவை தெரிவது சரி. அடுத்த நாளும் வீங்கி வலித்தால் அளவு மீறிவிட்டது.

உள்ளங்கையை மேலும் கீழும் திருப்பிப் பழகப் பலர் மறந்துவிடுகிறார்கள். மிச்சக் காசு வாங்கக் கையை ஏந்தும்போதுதான் அது தெரியவரும்.

நீட்டிய கையை 0 பாகை என்று கொண்டால், 30 முதல் 130 பாகை வரை அசைந்தாலே அன்றாட வேலைகளில் பெரும்பாலானவை நடக்கும். ஆகவே கடைசிப் பத்துப் பாகைக்காக முறுக்கி உடம்பைக் கெடுக்க வேண்டாம். வாவியில் வலை வீசுகிறவர், வயலில் வேலை செய்கிறவர் என்றால் அதைப் பிசியோதெரபியில் சொல்லுங்கள், பயிற்சியை அதற்கேற்ப அமைப்பார்கள்.

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து பஸ் பிடித்து கிளினிக் வருவது சிரமம்தான், விதைப்புக் காலத்தில் இன்னும் சிரமம். என்றாலும் இரண்டு தரம் வந்துவிட்டு நிறுத்தாதீர்கள். முன்னேற்றம் ஆறு மாதம், ஒரு வருடம் வரைகூட மெல்ல மெல்ல வரும். தம்பிக்குக் கை வாய்க்கு எட்டவே மூன்று மாதமானது.

இடையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் விறைத்தால், அல்லது நேற்று மடங்கிய அளவுகூட இன்று மடங்காவிட்டால், அடுத்த கிளினிக் நாள் வரை பொறுக்காமல் போய்க் காட்டுங்கள்.