மலையாள நூலிலிருந்து தமிழ் புராஜெக்ட்டுக்கு: மூலத்தைச் சொல்லி எழுதுவது எப்படி?

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழில் முதல் புராஜெக்ட் எழுதும் பிள்ளைகள் சிலர், மலையாளப் புத்தகத்தைப் பத்தி பத்தியாகத் தமிழாக்கித் தங்கள் எழுத்தாகச் சேர்த்துவிடுகிறார்கள். கேட்டால், "வார்த்தை எல்லாம் என்னுடையதுதானே சார்?" என்பார்கள். வார்த்தை உங்களுடையதுதான். அலைந்து திரட்டி யோசித்தவர் வேறொருவர். அவர் பெயரைச் சொல்லாமல் எடுத்தால் அது கருத்துத் திருட்டு, மொழி எதுவானாலும் சரி.

சித்தூர்ப்புழைப் பாசனம் பற்றி எழுதுவதாக வைத்துக்கொண்டு தொடங்குவோம்.

1. குறிப்பு எடுக்கும்போதே

நோட்டின் மேலே ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு நான்கையும் எழுதிவிட்டுத்தான் புத்தகத்தைப் படிக்கத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு குறிப்புக்கும் பக்க எண் போடுங்கள். வரியை அப்படியே எடுத்தால் அப்போதே மேற்கோள்குறி போட்டுவிடுங்கள். இல்லையென்றால் பிறகு எது அவர் வரி, எது உங்கள் வரி என்று உங்களுக்கே தெரியாது. ஊர்ப் பெயரோடு மாவட்டத்தையும் சேர்த்து எழுதுங்கள். ஆந்திரத்திலும் ஒரு சித்தூர் இருக்கிறது, இணையத்தில் தேடினால் இரண்டும் கலந்தே வரும்.

2. சொந்த நடையில் எழுதுவது

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். மூல நூலில் இப்படி ஒரு வரி இருக்கிறது என்று கொள்வோம் (எடுத்துக்காட்டுக்காக நான் எழுதியது; ஒப்பந்தம் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையிலானது, மணக்கடவு இரு மாநில எல்லையருகே கேரளத்துக்குத் தண்ணீர் வந்துசேரும் அணைக்கட்டு):

"1970ஆம் ஆண்டின் பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுதோறும் 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவில் கிடைக்க வேண்டும் என்றாலும், அளவைவிட அது வரும் மாதமே சித்தூர் விவசாயியின் நெல்லைத் தீர்மானிக்கிறது."

தவறான வழி: "1970 பரம்பிக்குளம்–ஆழியாறு உடன்படிக்கையின்படி வருடந்தோறும் 7.25 டி.எம்.சி. நீர் மணக்கடவில் கிடைக்க வேண்டும். ஆனாலும் அளவைக் காட்டிலும் அது வருகிற மாதமே சித்தூர் உழவரின் நெல்லை முடிவுசெய்கிறது." சட்டையை மாற்றியாயிற்று, ஆள் அதே ஆள்தான். அடியில் ஆசிரியர் பெயரைப் போட்டாலும் இது தேறாது.

சரியான வழி: புத்தகத்தை மூடிவிட்டு, பக்கத்தில் இருக்கும் நண்பருக்குச் சொல்வதாக நினைத்து எழுதுங்கள். "ஒப்பந்தத்தில் உள்ள 7.25 டி.எம்.சி. முழுதாக வந்தாலும் போதாது, பயிர் கேட்கும் மாதத்தில் வர வேண்டும் என்கிறார் நூலாசிரியர் (பெயர், ஆண்டு, பக்கம்). நான் சந்தித்தவர்களில் பலர் தென்னைக்கு மாறியவர்கள். அவர்களுக்கு இந்த மாதக் கணக்கு அப்படியே பொருந்தவில்லை." அந்தக் கடைசி வரிதான் உங்கள் ஆய்வு.

ஒப்பந்தம் 1970இல் கையெழுத்தானது என்பது பொதுச் செய்தி, அதற்குச் சான்று தேவையில்லை. 7.25 என்ற கணக்குக்குத் தேவை. முடிந்தால் ஒப்பந்தத்தையே பார்த்து எழுதுங்கள். புத்தகத்தில் மட்டும் பார்த்தீர்கள் என்றால் அந்தப் புத்தகத்தையே காட்டுங்கள். பார்க்காத ஆவணத்தைப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

3. மலையாள மேற்கோள்

தமிழாக்கிக் கொடுத்து, அடிக்குறிப்பில் நூல் விவரத்தோடு "தமிழாக்கம் ஆய்வாளருடையது" என்று எழுதிவிடுங்கள். பட்டியலில் மலையாளத் தலைப்பை எந்த எழுத்தில் தருவது என்பதை மட்டும் கைடிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

4. வாய்மொழிச் செய்தி

மூலத்தரையில் ஒரு பெரியவர் சொன்னதும் மூலம்தான். அவர் சம்மதத்தோடு பெயர், ஊர், பேசிய நாள் மூன்றையும் குறியுங்கள்.

5. மென்பொருள் சோதனை

உங்கள் எழுத்து பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் கணக்கிடும். யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிமுறைப்படி ஆய்வேட்டில் இந்த ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை என்றால் திருத்தித் தர வேண்டும். 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. தொடர்ச்சியாக 14 சொற்கள் வரை தற்செயலாக ஒத்துப்போனால் கணக்கில் சேராது என்றும் இருக்கிறது. அதற்காகப் பதினாலு பதினாலாக வெட்டி ஒட்டக் கிளம்பிவிடாதீர்கள்!

மலையாளத்திலிருந்து தமிழாக்கியதை மென்பொருள் பெரும்பாலும் பிடிக்காது. ஆனால் வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) வருகிறவர் பாலக்காட்டுக்காரர் என்றால், அந்த மலையாளப் புத்தகத்தை உங்களுக்கு முன்பே படித்திருப்பார்.