அளவுச் சமச்சீர் நிலைக்குமா? சட்டென்று பார்க்க ஒரு வழி

ஒரு புலக்கோட்பாட்டில் அளவுச் சமச்சீர் (எல்லா நீளங்களையும் ஒரே மடங்கில் பெருக்கினாலும் கோட்பாடு மாறாத பண்பு) இருக்கிறதா என்று பார்க்க, லெக்ராஞ்சியனில் (கோட்பாட்டை வரையறுக்கும் சார்பு) உள்ள இணைப்பு மாறிலிகளின் (இடைவினையின் வலிமையைச் சொல்லும் எண்கள்) அலகுகளை எண்ணுங்கள். நிறையோ, அலகுள்ள வேறு இணைப்பு மாறிலியோ இருந்தால் கதை அங்கேயே முடிந்தது. 4 பரிமாணத்தில் நிறையற்ற ஃபை-4 கோட்பாடு (ஒரு புலம் தன்னோடு தானே நான்காம் படியில் இடைவினை புரியும் எளிய மாதிரி) இதில் தேறிவிடும். ஆனால் செவ்வியல் நிலையில் மட்டும்தான். குவாண்டம் திருத்தங்கள் வந்ததும் இணைப்பு மாறிலி ஆற்றலோடு சேர்ந்து மாறத் தொடங்கும். அதனால் அப்புறம் அந்த மாற்றம் எவ்வளவு என்று சொல்லும் பீட்டா சார்பையும் பாருங்கள். அது சுழியாகும் இடத்தில்தான் சமச்சீர் மிஞ்சும்.

சரி, அளவுச் சமச்சீர் இருந்தால் கன்ஃபார்மல் சமச்சீரும் (கோணங்கள் மாறாமல், இடத்துக்கு இடம் வெவ்வேறு மடங்கில் நீட்டினாலும் கோட்பாடு மாறாத பண்பு) வந்துவிடுமா? பலர் சறுக்குவது இங்கேதான், நானும் சறுக்கியிருக்கிறேன். 2 பரிமாணத்தில் சில நிபந்தனைகளோடு வரும் என்று இயற்பியலாளர் ஜோசப் போல்ச்சின்ஸ்கி 1988-இல் காட்டினார். 3 பரிமாணத்தில் மூலங்களற்ற (மின்னூட்டமோ மின்னோட்டமோ இல்லாத) மேக்ஸ்வெல் மின்காந்தக் கோட்பாட்டுக்கோ முதலாவது உண்டு, இரண்டாவது கிடையாது.