குன்னூர்ச் சரிவில் தடுப்புச் சுவர்: இரண்டாம் முறை கட்டியபோது கற்றவை

எங்கள் வீடு குன்னூரில், ரோட்டுக்குக் கீழே ஏழு சென்ட் இடத்தில் இருக்கிறது. சமையலறைப் பின்கதவைத் திறந்தால் எட்டடி தூரத்தில் மேடு தொடங்கி, 25 அடி போவதற்குள் 10 அடி உயர்ந்துவிடும். 2005இல் அந்த மேட்டைச் செங்குத்தாக வெட்டி, எட்டடி உயரத்துக்கு ஒரே சுவராகக் கருங்கல் கட்டு போட்டுக் கொடுத்தார் ஒரு கான்ட்ராக்டர். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. தண்ணீர் வடிய மூன்று அடுக்காகக் குழாய்கள், பாயின்டிங் (கல்லிடுக்குப் பூச்சு) எல்லாம் நேர்த்தி.

2009 நவம்பர் மழையை நீலகிரிக்காரர்கள் மறக்க மாட்டார்கள். பக்கத்துக் கேத்தியில் ஒரே நாளில் 820 மி.மீ. மழை பதிவானது. மாவட்டம் முழுக்க மண்சரிவில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். அன்று சாயங்காலம் அத்தை பின்கதவில் நின்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மழை இப்படி ஊத்துது, குழாயில ஒரு சொட்டு வரலையே." சுவரின் நடுப்பகுதி வயிறு தள்ளியிருந்தது. எல்லோரும் முன்னறைக்குப் போய்ப் படுத்தோம். விடிவதற்குள் பாதிச் சுவர் சமையலறை வாசலில் கிடந்தது.

மறுநாள் இடிபாட்டை அள்ளும்போதுதான் காரணம் தெரிந்தது. குழாய்கள் ஒவ்வொன்றும் அரையடி நீளம்தான். சுவரின் முகத்தில் சொருகியிருந்தார்களே தவிர, ஒன்றுகூடப் பின்னாலிருந்த மண்ணைத் தொடவில்லை. சுவர் மேலிருந்து கீழ்வரை ஒன்றரை அடி கனம்தான். பின்னால் ஜல்லி கிடையாது. வெட்டிய களிமண்ணையே திருப்பிக் கொட்டி மூடியிருந்தார்கள்.

அதனால் சரிவில் சுவர் கட்டப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: கல்லா கான்கிரீட்டா என்று யோசிப்பதற்கு முன்னால், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகும் என்று பாருங்கள். சுவரைத் தள்ளுவது மண் மட்டும் இல்லை, மண்ணுக்குள் தேங்கும் நீரும்தான். கணக்குப் போட்டாலே புரியும். நாலடிச் சுவரை, ஒரு மீட்டர் நீளத்துக்கு, உலர்ந்த சாதாரண மண் ஏறத்தாழ 440 கிலோ விசையோடு தள்ளும். அதே சுவர் எட்டடி ஆனால் விசை இரண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்கு ஆகும்: சுமார் 1,750 கிலோ. கவிழ்க்கும் திறன் எட்டு மடங்கு. அந்த எட்டடி மண்ணில் மேல்வரை நீர் நிரம்பிவிட்டால் 3,700 கிலோ. வடிகால் இல்லாத சுவர் மழை நாளில் இரண்டு பங்குக்கு மேல் சுமக்கிறது.

சரி, வேலையை எங்கிருந்து தொடங்குவது? சரிவை அளப்பதிலிருந்து. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம், மேஸ்திரிகள் வைத்திருக்கும் டியூப் மட்டம் போதும். 30 அடி நீளமுள்ள கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் டியூப், உள்ளே குமிழி இல்லாமல் தண்ணீர். கீழே சமையலறைச் சுவரோரம் ஒரு முளை, ஐந்தடி தள்ளி மேட்டுப் பக்கமாக இன்னொரு முளை. டியூபின் ஒரு முனையை அத்தை கீழ் முளையோடு சேர்த்துப் பிடித்தார், நான் மறுமுனையை மேல் முளையருகே பிடித்தேன். தண்ணீர் ஆடி அடங்கியதும் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நிற்கும். இரண்டு முளையிலும் அந்த மட்டத்தில் கோடு போட்டு, கோட்டிலிருந்து தரைவரை அளந்து கழித்தால் அந்த ஐந்தடியில் எவ்வளவு ஏற்றம் என்று வந்துவிடும். இப்படி ஐந்தடிக்கு ஒரு முறை மேலேறிப் போய், கட்டம் போட்ட நோட்டில் வரைந்தோம். முக்கால் மணி நேர வேலை. அந்தப் படம் கையில் இருந்ததால்தான், இரண்டாம் முறை வந்த மேஸ்திரியிடம் "இங்கே எத்தனை அடி, அங்கே எத்தனை அடி" என்று தெளிவாகப் பேச முடிந்தது.

அப்புறம் மண். சுவர் வரும் கோட்டில் இரண்டு இடத்தில் மூன்றடிக் குழி தோண்டிப் பாருங்கள். மேலே கறுத்த தோட்ட மண், அடியில் செம்மண், அதற்கும் கீழே கடப்பாரை 'ணங்' என்று நிற்கும் கெட்டி மண் என்றால் நல்லது. குழியில் செங்கல் துண்டு, பிளாஸ்டிக், கரித்தூள் வந்தால் அது யாரோ கொட்டி நிரப்பிய மண். கடைக்கால் அதைத் தாண்டிக் கீழே போயே ஆக வேண்டும். மழை விட்ட மறுநாள் குழியில் நீர் ஊறி நின்றால் உள்ளே ஊற்று இருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட இடத்தில் இன்ஜினீயர் வந்து பார்க்காமல் ஒரு கல் வைக்கக் கூடாது.

உயரத்தைப் பிரிப்பது அடுத்த முடிவு. நாங்கள் எட்டடிச் சுவரை விட்டுவிட்டு, நாலடியில் இரண்டு சுவராக மாற்றினோம். இதில் பலர் செய்யும் தவறு, இரண்டையும் மூன்றடி இடைவெளியில் கட்டிவிடுவது. அப்படிக் கட்டினால் மேல் சுவரின் பாரம் முழுக்கக் கீழ்ச் சுவரின் முதுகில்தான் இறங்கும், எட்டடிச் சுவர் கட்டியதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கீழ்ச் சுவரின் உயரத்தைப் போல இரண்டு மடங்காவது மேல் சுவர் தள்ளி இருக்க வேண்டும். எங்களுக்கு எட்டடி. அந்த எட்டடித் தட்டில் இப்போது அத்தை பீன்ஸும் முள்ளங்கியும் போடுகிறார். மேட்டின் உச்சியில் இருந்த 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டியையும் வீட்டுப் பக்கவாட்டுக்கு மாற்றிவிட்டோம். நிரம்பினால் ஒரு டன். அதைச் சுவரின் தலைக்கு மேலே வைத்திருந்ததை நினைத்தால் இப்போதும் மனசு பதறுகிறது.

எந்த வகைச் சுவர் என்பதற்கு இப்போது வருவோம். தேயிலைத் தோட்டங்களில் சிமெண்டே இல்லாமல் அடுக்கிய பழைய கற்சுவர்களைப் பார்த்திருப்பீர்கள். கல்லிடுக்கு வழியே நீர் தானாக வடிந்துவிடும் என்பதால் அவை நிற்கின்றன. மூன்றடி வரை, அதுவும் அடுக்கத் தெரிந்த கை கிடைத்தால், இதைவிடச் சிறந்தது இல்லை. எங்கள் பக்கம் அந்தக் கைகள் குறைந்துகொண்டே வருகின்றன என்பது வருத்தம்.

நாலு, ஐந்தடிக்குச் சிமெண்ட் கலவையோடு கருங்கல் கட்டு. நாங்கள் போட்டது இதுதான், விவரம் கீழே சொல்கிறேன். ரோட்டிலிருந்து லாரி இறங்காத இடம், அல்லது தரை கொஞ்சம் அமுங்கும் சந்தேகம் என்றால் கம்பிவலைக் கூடைச் சுவரை யோசிக்கலாம். கேபியன் என்பார்கள். துத்தநாகம் பூசிய கம்பியில் 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம் உள்ள கூடை. மடித்துத் தலையில் தூக்கி வரலாம். இடத்தில் விரித்து, கையால் கல் அடுக்க வேண்டும். கொட்டி நிரப்பினால் வயிறு தள்ளும். நீர் தடையில்லாமல் வடியும், தரை அசைந்தாலும் விரிசல் விடாமல் வளைந்து கொடுக்கும். ஆனால் மூன்றடிக்கு மேல் அகலத்தை விழுங்கும், சின்ன மனைக்கு அது பெரிய இழப்பு.

ஆறடிக்கு மேல் ஒரே சுவர்தான் என்ற நிலை வந்தால் ஆர்.சி.சி. சுவர், அதாவது உள்ளே கம்பி கட்டிய கான்கிரீட் சுவர். அதை இன்ஜினீயர் வரைந்து, கம்பிக் கணக்கோடுதான் கட்ட வேண்டும். ஹாலோ பிளாக்கை (நடுவில் ஓட்டையுள்ள சிமெண்ட் கல்) மட்டும் கம்பியும் கான்கிரீட்டும் இல்லாமல் மண்ணுக்கு அண்டை கொடுத்து வைக்காதீர்கள், காம்பவுண்டு சுவருக்குத்தான் அது.

எங்கள் கீழ்ச் சுவரின் அளவுகள் இவை: நீளம் 28 அடி, தரைக்கு மேல் நாலடி. அடியில் இரண்டரை அடி கனம், உச்சியில் ஒன்றேகால் அடி. கருங்கல் சுவருக்கு அடிக்கனம் உயரத்தில் பாதிக்குக் கீழே போகவே கூடாது, 60 சதவீதம் இருந்தால் நிம்மதி. முகம் நேர்செங்குத்தாக இல்லாமல், அடிக்கு ஒரு அங்குலம் வீதம் மேட்டின் பக்கம் சாய்ந்திருக்கும். கடைக்கால் மூன்றடி அகலம், இரண்டடி ஆழம், கெட்டி மண்ணில். மொத்தம் கணக்கிட்டால் ஏறத்தாழ 380 கன அடி, அதாவது நாலு யூனிட் (100 கன அடி ஒரு யூனிட்) கட்டு வேலை. கான்ட்ராக்டர் சொல்லும் அளவை இப்படி நீங்களே பெருக்கிப் பார்த்துவிடுங்கள். இன்னொன்று: இரண்டு முகத்துக்கும் நல்ல கல் வைத்து, நடுவில் பொடிக்கல்லையும் கலவையையும் கொட்டுகிற பழக்கம் இருக்கிறது. அப்படிக் கட்டினால் சுவர் இரண்டு பட்டையாகப் பிரியும். ஐந்தடிக்கு ஓரிடத்திலாவது, சுவரின் கனம் முழுக்க உள்ளே ஓடும் நீளக்கல் வேண்டும். மேஸ்திரி வைக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள்.

மண் வெட்டும் நாட்கள்தான் உயிருக்கு ஆபத்தானவை. 2024 பிப்ரவரியில் ஊட்டி லவ்டேலில், வீடு கட்டும் வேலைக்காகக் கீழே மண் தோண்டிக்கொண்டிருந்தபோது மேலே இருந்த கட்டடம் சரிந்து ஆறு பெண்கள் இறந்தார்கள். கூலிக்கு வந்தவர்கள். 28 அடியையும் ஒரே நாளில் வெட்டித் திறந்து வைக்காதீர்கள். ஏழடி வெட்டி, அங்கே கட்டி எழுப்பி, நடுவில் ஒரு பகுதியை விட்டு அடுத்த ஏழடி. வெட்டிய மண்ணை மேட்டின் விளிம்பில் குவிக்கக் கூடாது. செங்குத்தாக வெட்டாமல் சாய்த்து வெட்ட வேண்டும். எங்கள் மேஸ்திரி, வெட்டுமுகத்தில் தலைமுடி கனத்துக்கு ஒரு கீறலைப் பார்த்ததும் எல்லோரையும் மேலே ஏற்றிவிட்டார். "அக்கா, இன்னைக்குக் கூலி போனா போகட்டும்" என்றார். அப்படிப்பட்டவரைத் தேடிப் பிடியுங்கள். நீலகிரியில் ஜே.சி.பி. இறக்கக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். எங்கள் வேலை முழுக்க மண்வெட்டி, கடப்பாரைதான். குன்னூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் தொடங்கினால் கோடை மழைக்கு முன் முடித்துவிடலாம்.

இப்போது சுவரின் பின்பக்கம். வெளியே தெரியாத இந்தப் பகுதிக்குத்தான் காசைத் தாராளமாகச் செலவழிக்க வேண்டும். சுவரின் அடியில், மண் பக்கமாக, துளை போட்ட நாலங்குலப் பி.வி.சி. குழாயைப் படுக்க வைத்தோம். 100 அடிக்கு ஓரடி வீதம் சரிவு கொடுத்து, பக்கவாட்டில் சாக்கடைக்குத் திருப்பினோம். சுவரை ஒட்டி ஓரடி அகலத்துக்கு 40 மி.மீ. ஜல்லி, அடியிலிருந்து உச்சிக்கு ஓரடி கீழ்வரை. ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே ஜியோ டெக்ஸ்டைல் துணி. இது நீரை விடும், மண்ணை விடாது. சாக்குப்பை போட்டால் மட்கிப்போகும், பாலித்தீன் போட்டால் நீரையே அடைத்துவிடும்.

சுவருக்குள் மூன்றங்குலக் குழாய்கள், தரையிலிருந்து அரையடி மேலே ஒரு வரிசை, அதற்கு மேல் இன்னொரு வரிசை, ஒன்றுக்கொன்று நாலடி தள்ளி, மேல் வரிசை கீழ் வரிசையின் இடைவெளிக்கு நேராக. மொத்தம் 13. ஒவ்வொன்றும் சுவரைக் கடந்து ஜல்லிக்குள் மூன்றங்குலம் நீட்டிக்கொண்டிருக்கிறது. வெளிமுனை கொஞ்சம் தாழ்வாக இருக்கும். பூசி முடிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு குழாயிலும் நீளக் குச்சியை விட்டு, அது ஜல்லியில் முட்டுகிறதா என்று நானே பார்த்தேன்.

கலவை நன்றாக இறுகும்வரை பின்னால் மண் நிரப்பாதீர்கள். ஏழு நாளாவது தண்ணீர் விட்டு நனைத்து, இரண்டு வாரம் கழித்து, முக்கால் அடிக்கு ஒரு அடுக்காகக் கொட்டி, ஒவ்வொன்றையும் கைத்திமிசால் இடித்து ஏற்றினோம். கடைசி ஓரடிக்கு மட்டும் களிமண், மழைநீர் நேராக ஜல்லிக்குள் இறங்கிவிடாமல் இருக்க. உச்சியில், மேட்டிலிருந்து ஓடி வரும் நீரைத் தடுத்துப் பக்கவாட்டில் திருப்பும் சிமெண்ட் வாய்க்கால். கூரைத் தண்ணீரும் சுவர்ப்பக்கம் விழாமல் குழாய் போட்டுத் திருப்பினோம்.

மேல் சுவருக்கும் மேட்டின் உச்சிக்கும் இடையிலான சாய்ந்த மண்ணில் வெட்டிவேர் நட்டோம், அரையடிக்கு ஒரு தூர், சரிவுக்குக் குறுக்கே வரிசையாக. அதன் வேர் பக்கத்தில் படராமல் நேராகக் கீழே பத்தடிக்குப் போகும். சுவரை ஒட்டி இருந்த சில்வர் ஓக் கன்றை மட்டும் எடுத்துவிட்டோம். மரம் பெரிதாகிக் காற்றில் ஆடினால் வேர் சுவரை அசைக்கும்.

ஒவ்வொரு அக்டோபரிலும் மழைக்கு முன் 13 குழாய்களையும் அரையங்குலக் கம்பியால் பதமாகக் குத்தி விடுகிறோம், வாய்க்கால் இலைகளை வாருகிறோம், உச்சியிலிருந்து தூக்குக்குண்டு விட்டு முகத்தின் சாய்வை அளந்து, நோட்டில் தேதியோடு எழுதுகிறோம். பெருமழையில் குழாயில் நீர் வராவிட்டால் அடைப்பு. கலங்கலாக வந்தால் துணி கிழிந்து உள்மண் கரைகிறது. படுக்கை வாக்கில் விரிசலோ, வயிறு தள்ளலோ தெரிந்தால் சுவரின் பக்கமுள்ள அறையைக் காலி செய்துவிட்டு இன்ஜினீயரைக் கூப்பிட வேண்டும். போன மழையில் கீழ் வரிசையில் இடமிருந்து மூன்றாவது குழாய் மட்டும் வரவில்லை. கம்பியை விட்டபோது சேம்புக் கிழங்கின் வேர்க்கொத்து ஒன்று வந்தது, பின்னாலேயே நீரும் வந்தது. அத்தை இப்போதும் மழை வலுத்தால் டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்கதவுக்குப் போய்விடுவார், ஒன்றிலிருந்து பதின்மூன்றுவரை எண்ணிவிட்டுத்தான் படுப்பார்.