மாடி வீட்டோடு பகிர்ந்த வைஃபையில் ஆபீஸ் லேப்டாப்பைப் பிரித்தது எப்படி

கிருஷ்ணகிரியில் மாடி வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே ஃபைபர் கனெக்‌ஷன். ஆபீஸ் லேப்டாப்பில் ‘நெட்வொர்க்’ திறந்தால் மாடி வீட்டு டிவி தெரிந்தது. அப்படியென்றால் இரண்டும் ஒரே நெட்வொர்க்கில்தான் கிடக்கின்றன.

பிரவுசரில் ரவுட்டரின் முகவரியான 192.168.1.1 அடித்து அதன் செட்டிங்ஸுக்குள் போனேன். சில ரவுட்டரில் எண் வேறு, அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். அட்மின் பாஸ்வேர்டும் அதே ஸ்டிக்கரில்! ரவுட்டர் மாட்டியிருப்பதோ வராந்தாவில். சிலிண்டர் போட வருபவர்கூடப் படிக்கலாம். முதல் வேலையாக அந்த பாஸ்வேர்டை மாற்றினேன்.

அடுத்து டபிள்யூபிஎஸ் (வைஃபை பாஸ்வேர்டு அடிக்காமலே சாதனத்தைச் சேர்க்கும் வசதி) ஆஃப். அதன் ரகசிய எண் (PIN) 8 இலக்கம் என்றாலும், கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்புக்கு. மீதியை இரண்டு துண்டாகச் சோதிப்பதால் அதிகபட்சம் 11,000 முயற்சியில் உடைந்துவிடும். வைஃபை பாஸ்வேர்டு எவ்வளவு நீளமாக இருந்தாலும் இந்த ஓட்டை அப்படியே இருக்கும்.

பிறகு கெஸ்ட் நெட்வொர்க், அதாவது அதே ரவுட்டரில் விருந்தினருக்கான தனி வைஃபை. மாடி வீடு, டிவி, கேமரா எல்லாம் அதில். மெயினில் லேப்டாப்பும் என் ஃபோனும் மட்டும். கெஸ்ட்டுக்கு ‘லோக்கல் அக்சஸ்’ (மெயினில் உள்ள சாதனங்களை எட்டும் அனுமதி) டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிரித்தும் பிரிக்காத கதைதான். பிரிண்டரைக் கெஸ்ட்டில் விட்டேன், பிரிண்ட் வரவில்லை. யுஎஸ்பி கேபிளில் மாட்டியதும் தீர்ந்தது.

வைஃபை பாதுகாப்பு முறையில் புதிதான டபிள்யூபிஏ3 மட்டும் வைத்தால் பழைய ஃபோன் சேராது; டபிள்யூபிஏ2, 3 கலந்த மோடு வையுங்கள்.

குழப்பம் வந்தால் ரீசெட் ஓட்டையில் ஊசி விடாதீர்கள். நெட் கம்பெனி கொடுத்த பிபிபிஓஇ (ரவுட்டர் நெட்டுக்குள் லாகின் ஆகும் முறை) யூசர்நேமும் சேர்ந்து அழிந்துவிடும்; லைன்மேன் வரும்வரை நெட் கிடையாது. அந்த யூசர்நேமை முன்பே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.