பிரிட்டன் பல்கலைக்கழகங்களின் ஆய்வுச் செய்தியை எப்படிப் படிப்பது?

பிரிட்டன் பல்கலைக்கழகம் ஒன்று தன் ஆய்வு முடிவை அறிவிக்கும்போது நம் பார்வைக்கு முதலில் வருவது அதன் செய்திப் பிரிவு எழுதிய குறிப்புதான். ஆய்வாளர்களின் கட்டுரை அன்று. கார்டிஃப் பல்கலைக்கழகத்தார் தலைமையில் நடந்து, 2014-இல் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, நாட்டின் 20 முன்னணிப் பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட 462 செய்திக்குறிப்புகளை அலசியது. அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, இரண்டு விஷயங்கள் சேர்ந்து காணப்படுவதையே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று மிகைப்படுத்தியிருந்தது. நாளிதழ்களில் நாம் காணும் மிகையும் பெரும்பாலும் அங்கேயே தொடங்குகிறது.

ஆகவே குறிப்பைப் படித்ததும் அதன் அடியில் உள்ள டிஓஐ எண்ணை, அதாவது ஒவ்வொரு கட்டுரைக்கும் தரப்படும் நிலையான இணைய அடையாள எண்ணைக் கொண்டு மூலக் கட்டுரைக்குச் செல்லுங்கள். இதழ் கட்டணம் கேட்டால், அந்தப் பல்கலைக்கழகம் தன் ஆய்வுக் கட்டுரைகளைச் சேமித்து வைக்கும் இணையக் களஞ்சியத்தில் தேடிப் பாருங்கள். அரசின் ஆய்வு நிதி அமைப்பான யூகேஆர்ஐ பணம் தந்த ஆய்வென்றால், 2022 ஏப்ரல் 1 முதல் இதழ்களுக்கு அனுப்பப்பட்ட கட்டுரைகள் வெளியானவுடனேயே எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்பது விதி.

கட்டுரையில் முதலில் பார்க்க வேண்டியது, பயன் யாருக்கு, நூறு பேரில் எத்தனை பேருக்கு என்பதே. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ரெக்கவரி ஆய்வுக் குழு 2020 ஜூன் 16 அன்று, டெக்சாமெத்தசோன் மருந்து கடும் கோவிட் நோயாளிகளின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு வரை குறைக்கிறது என அறிவித்தது. ஜூலையில் வெளியான கட்டுரையின் எண்களைப் பாருங்கள். வென்டிலேட்டரில் இருந்தவர்களில், மருந்து பெறாதோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 41 பேரும் பெற்றோரில் 29 பேரும் 28 நாட்களுக்குள் இறந்தனர். ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களில் அந்த எண்கள் 26, 23. சுவாச உதவியே தேவைப்படாதவர்களிலோ 14, 18; அதாவது அவர்களுக்கு மருந்தால் நன்மை தெரியவில்லை, தீங்குகூட நேரலாம். ஒரே மருந்து, மூன்று விதமான பலன்! தலைப்போடு நின்றுவிட்டவர், லேசான காய்ச்சலுக்கும் அதை விழுங்கத் துணிந்திருப்பார். அந்தக் குறிப்பை எழுதியவர்கள்மேல் குறையில்லை, மூன்றாவது பிரிவினருக்குப் பயனில்லை என்பதை அவர்கள் அதிலேயே சொல்லியிருந்தார்கள். உள்ளே சென்று படிப்பது நம் பொறுப்பு.

செய்தியில் பேசும் ஆய்வாளரின் பதவியைக் கொண்டு அவரை எடைபோட வேண்டாம். பிரிட்டனில் லெக்சரர் என்பது பெரும்பாலும் சொந்தமாக ஆய்வும் நடத்தும் பதவி. ரீடர் என்பவர் பேராசிரியருக்கு அடுத்த நிலையில் இருப்பவர். அதைவிட முக்கியம், ஆய்வில் பங்கேற்காத வேறொருவர் என்ன சொல்கிறார் என்பதுதான். லண்டனில் 2002 முதல் இயங்கும் சயின்ஸ் மீடியா சென்டர், பெரிய அறிவிப்புகள் வெளிவரும்போது இத்தகைய வெளி நிபுணர்களின் கருத்துகளைத் திரட்டி வெளியிடுகிறது. அங்கே கருத்துச் சொல்வோரின் நிதித் தொடர்புகளும் தரப்படுவதால் அவற்றையும் சேர்த்தே படியுங்கள். கட்டுரையின் இறுதியிலும் நிதி தந்தவர் யார், ஆசிரியர்களுக்கு எந்த நிறுவனத்தோடு தொடர்பு என்ற பகுதி இருக்கும். அதன்பிறகும் ஐயம் நீங்காவிட்டால், கட்டுரையின் முதல் பக்கத்தில் உள்ள ஆய்வாளரின் மின்னஞ்சல் முகவரிக்கு ஒரே ஒரு தெளிவான கேள்வியை எழுதி அனுப்பலாம்.