பிரிண்டரில் தாள் சிக்கினால் செய்யக் கூடாதவை

கடலூர், புதுச்சேரி போன்ற கடலோர ஊர்களில், அதுவும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைக்காலத்தில், லேசர் பிரிண்டரில் அடிக்கடி தாள் சிக்கினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இயந்திரத்தை அல்ல, தாளைத்தான். காற்றின் ஈரத்தை உறிஞ்சிய தாள் ஓரம் சுருண்டு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, இரண்டு மூன்றாக உள்ளே நுழைகிறது. பிரித்த தாள்கட்டை மேசைமேல் திறந்து போட்டுவிட்டு, மெக்கானிக்கை வரவழைத்து ரோலரை மாற்றுவது வீண் செலவு. அன்றைக்கு வேண்டிய தாளை மட்டும் டிரேயில் வைத்து, மீதியை உறையோடு மடித்துப் பீரோவில் வைத்தாலே பாதித் தொல்லை குறையும்.

சிக்கிய தாளை வெடுக்கென்று இழுப்பதுதான் இருப்பவற்றில் பெரிய தவறு. மின்சாரத்தை நிறுத்தி, டோனர் எனும் மைத்தூள் அடங்கிய கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்து, தாள் செல்லும் திசையிலேயே இரு கைகளாலும் சீராக இழுக்க வேண்டும். எதிர்த்திசையில் இழுத்தால் தாள் கிழிவதோடு, அதன் வரவை உணரும் சிறு பிளாஸ்டிக் நெம்புகோலும் முறியக்கூடும். அதன்பின் உள்ளே ஒன்றுமே இல்லாவிட்டாலும் ‘தாள் சிக்கியுள்ளது’ என்றே பிரிண்டர் சொல்லிக்கொண்டிருக்கும். கிழிந்துவிட்டால், எடுத்த துண்டுகளை மேசையில் சேர்த்து வைத்து, முழுத் தாளும் வந்துவிட்டதா என்று பாருங்கள். ஒரு மூலை குறைந்தாலும் அது உள்ளேதான் இருக்கிறது. அதைத் தேடி, மைத்தூளைச் சூட்டால் தாளில் பதிக்கும் ஃபியூசரை ஸ்க்ரூடிரைவரால் குடைய வேண்டாம்; ஏறத்தாழ 200 டிகிரி வெப்பத்தில் இயங்கும் அப்பகுதி ஆறிய பிறகே கை வைக்க வேண்டும், அதன் மெல்லிய உறையில் கீறல் விழுந்தால் ஒவ்வொரு பக்கத்திலும் கோடு விழும்.

பத்திரம் தயாரிக்கும் இடங்களில் முத்திரைத்தாளைச் சாதாரணத் தாளோடு சேர்த்து டிரேயில் அடுக்குவது துணிச்சல் அல்ல, அலட்சியம். வெள்ளைத்தாளில் ஒருமுறை அடித்துப் பார்த்த பிறகு, கையால் செலுத்தும் வழியில் ஒவ்வொன்றாக விட வேண்டும்.

வெளியே எடுத்த கார்ட்ரிட்ஜை ஜன்னலோர வெளிச்சத்தில் வைத்தால் அதிலுள்ள டிரம் எனும் ஒளியுணர் உருளை கெடும் என்பதால், உடனே கனத்த துணியால் மூடுங்கள். சட்டையில் சிந்திய டோனரை உதறிவிட்டுக் குளிர்ந்த நீரில்தான் அலச வேண்டும். வெந்நீர் பட்டால் அது உருகித் துணியோடு ஒட்டிவிடும். பக்கத்தில் ஒரே புள்ளி சம இடைவெளியில் திரும்பத் திரும்ப விழுந்தால், கணினியிலுள்ள பிரிண்டர் மென்பொருளை (டிரைவர்) அழித்து மீண்டும் நிறுவுவதில் பயனில்லை. ஸ்கேலால் இடைவெளியை அளந்து பாருங்கள்: 24 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிரம்மில் குறையென்றால் அது சுமார் 75 மில்லிமீட்டர் இருக்கும்.

தாள் வரவில்லையே என்று பிரிண்ட் பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பதும் வேண்டாம். சிக்கலை நீக்கியவுடன், கணினியில் வரிசையாகக் காத்திருக்கும் பழைய கட்டளைகளை ரத்து செய்யாவிட்டால், அழுத்திய அத்தனை முறைக்கும் அதே கடிதம் வந்து விழும்.